விசில் அங்கிளும் வார்னிங் வாத்தியாரும்

எமனாவது வருவதற்கு முன் கனவில் தலைகாட்டுவான். எங்கள் விசில் அங்கிள் அதுகூடச் செய்யமாட்டார்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில், நாற்பதைத் தாண்டிய எங்களைப் போன்ற தொப்பைகளின் கால்பந்து லீக்குக்கு ரெஃப்ரி. சட்டையைப் பிடித்தால் விசில். காலை வாரினால் விசில்.

"அங்கிள், முதல்ல ஒரு வார்னிங் குடுக்கலாம் லா!"

"வார்னிங்னா ஒரு ஃபவுல் ஃப்ரீன்னு அர்த்தம். ரூல் தெரிஞ்சுதானேடா பூட்ஸ் மாட்டுன?"

சொந்த மச்சினனுக்கே சிவப்பு அட்டை காட்டினார். அந்தத் தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரவில்லை.

எங்களுக்கோ ஆட்டம் முடிந்ததும் எல்லா அணியும் ஒரே வாழையிலைக் கடையில் சாப்பிட்டாக வேண்டும். சற்றுமுன் வெளியேற்றப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்தால் ரசம் இறங்குமா? கமிட்டி கூடியது. அங்கிளை நிறுத்தி, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைக் கொண்டுவந்தது. தங்கமான மனிதர். எல்லோருக்கும் வார்னிங் மட்டுமே. கைதட்டினோம்.

அரையிறுதியில் எதிரணியில் கோலுக்கு முன்னால் மறித்து நின்ற ஸ்டாப்பர் ஃப்ரிட்ஜ் அகலத்துக்கு இருந்தான். முதல் உதையில் விழுந்தேன். "பாத்து விளையாடுங்க தம்பி," என்றார் வாத்தியார். அடுத்த உதைக்கு, "தம்பி, சொல்லிட்டேன்."

எனக்குக் கிலி பிடித்தது. பந்து இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் ஓடினேன். பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்தேன். ஃப்ரிட்ஜ் நெருங்கியதும் வேண்டுதலைக் காவடியாக உயர்த்தினேன்.

"சார், சொன்னது போதும்! ஊதுங்க சார்!"

கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அங்கிள் எழுவது தெரிந்தது. அதற்குள் என் முட்டி, திரும்பக்கூடாத திசையில் திரும்பிவிட்டது.

வாத்தியார் ஓடி வந்து அவனிடம் விரலை ஆட்டினார். "இதான் கடைசி வார்னிங்!"

மறுநாள் வார்டுக்கு அங்கிள் வந்தார். பழம் கிழம் எதுவும் இல்லை. காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"வாத்தி ஊதுனாரா?"

"இல்ல அங்கிள். வார்னிங்தான்."

"இனிமே ஆடலாமா?"

"முடியாதாம்."

அங்கிள் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து, வார்டே அதிரும்படி ஊதினார். மைதானத்தில் ஃபவுல் கொடுப்பதுபோல் கையை விறைப்பாக நீட்டி என் கட்டிலைக் காட்டினார்.

நர்ஸ் பாய்ந்து வந்தார். "அங்கிள்! இன்னொரு வாட்டி ஊதுனா வெளிய அனுப்பிருவேன்!"

"வார்னிங்லாம் வேணாம் மா. ரூல் தெரிஞ்சுதான் ஊதுனேன்," என்று சொல்லிவிட்டு, அங்கிள் தானாகவே வெளியே நடந்தார்.

கமிட்டி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. வாத்தியார்தான் இன்னும் ரெஃப்ரி. ஃப்ரிட்ஜும் வார்னிங் வாங்கி வாங்கி ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். இத்தனை வருட ஆட்டத்தில் எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு ஃபவுல். அதையும் அங்கிள்தான் கொடுத்தார்.