முற்றும் போட்ட பிறகு திரும்பி வந்த ஷெரீப்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் கோபமும் கலந்து என் மச்சானுக்கு எழுதுவது.

இங்கே நான் நலம் என்று எழுத ஆசைதான், முட்டி அனுமதிக்கவில்லை. உன் தங்கை நலம், அவள் குரல் அதைவிட நலம். அங்கே உன் சர்க்கரையும் உன் வாயும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

கோபம் எதற்கென்றால், உன் மகள் நேற்று போனில் என்னைப் பொய்யனாக்கிவிட்டாள். நம் காலத்து ஷெரீப் படத்தின் கதையை ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நடுவில் புகுந்து, "அந்தப் படத்துல ஷெரீப் ஓடவே மாட்டாரே மாமா" என்கிறாள். அவள் பார்த்தது உள்ளங்கை அகலத் திரையில். நான் பார்த்தது நீ ஆபரேட்டராக இருந்த தியேட்டரில், உன் மெஷின் ரூமிலேயே உட்கார்ந்து. படத்தை அனுப்புகிறேன், நீங்களே பாருங்கள் என்று சவால் வேறு. படத்தை ஓட்டியவன் நீ. நீயே அவளுக்கு இரண்டு வரி எழுதி, மாமா சொன்னதுதான் சரி என்று என் மானத்தைக் காப்பாற்று.

அந்த ரூம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மெஷினும் அனல் கக்கும், நீ பனியனோடு நிற்பாய், நான் கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ரீல் டப்பாக்களை ஓட வேண்டிய வரிசையில் பெஞ்சில் அடுக்கி வைத்திருப்பாய், என்னைத் தொட விட மாட்டாய். நான் சினிமாப் பைத்தியம் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தது யார் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்கும் உன் தங்கை வந்தாள், பச்சைத் தாவணி. அவள் படி இறங்கிப் போகும்வரை திரையில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு ஓடியதில் ஒரு காட்சி விடாமல் சொல்வேன். ஒரே தெரு உள்ள ஊர். செய்யாத கொலைக்காக ஒரு கூலிக்காரனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அவனைத் தூக்கில் போட ஊரே கயிற்றோடு வருகிறது. ஊர்க்காவல் அதிகாரியான வயதான ஷெரீப்புக்குத் துணைக்கு ஒரு ஆள் இல்லை. மனிதர் என்ன செய்தார்? நெஞ்சிலிருந்த பதவி நட்சத்திரத்தைக் கழற்றிக் கதவில் மாட்டினார், குதிரை ஏறினார், போயே போய்விட்டார். இங்கிலீஷில் முற்றும் என்றும் போட்டுவிட்டான். ஜனங்கள் கோழைப்பயல் என்று திட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார்கள். பாதிப் பேர் வாசலுக்குப் போன பிறகு திரையில் மறுபடியும் வெளிச்சம். பார்த்தால் சிறை வாசலில் நாற்காலியைப் போட்டு அதே ஷெரீப், நெஞ்சில் அதே நட்சத்திரம், மடியில் தோட்டா இல்லாத துப்பாக்கி! வாசலுக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். அப்படி ஒரு கைதட்டலை நம் தியேட்டர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முற்றும் போட்ட பிறகு ஒருத்தன் திரும்பி வருகிறானே, எப்பேர்ப்பட்ட மூளை மச்சான் அந்த டைரக்டருக்கு! நீகூட முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வெளிநாட்டுக்காரன் அப்பிடித்தான் எடுப்பான்" என்றாய். அடுத்த ஷோ பார்த்தவர்கள் வேறு மாதிரி கதை சொன்னபோது, அவர்கள் தூங்கியிருப்பார்கள் என்றும் நீதான் சொன்னாய்.

இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பாய். எங்கள் கட்டடத்து வாட்ச்மேனை உனக்குத் தெரியும், விசில்காரர் என்போமே, அவரேதான். மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் மனைவியோடு இருக்கிறார். போன வாரம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மருமகன் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று இரும்புக் கேட்டை இடித்துச் சாய்த்துவிட்டான். நான் பால்கனியில் துணி காயப்போட்டபடி பார்த்தேன். பல் டாக்டர் பார்த்தார், பாட்டு டீச்சர் பார்த்தார், கட்டடமே பார்த்தது. செயலாளர் மட்டும், விசில்காரர் கேட்டைச் சரியாகப் பூட்டாததால் விழுந்தது என்று சொல்லி, வேலையும் கிடையாது, அறையும் கிடையாது என்று கூட்டம் போட்டார். படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் என் தோளைத் தட்டி, நீங்கள் பேசுங்கள், நாங்கள் பின்னால் நிற்கிறோம் என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே கூட்டம் நடந்த அன்று திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது. டாக்டருக்கு அவசரமாக ஒரு பல் வந்துவிட்டதாம். டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். வந்திருந்த மற்றவர்கள் போனைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் வந்த வார்த்தை வயிற்றுக்குள் போய்விட்டது. "இங்க ஒரு ஃபேன் இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று மாடி ஏறிவிட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. விசில்காரர் ஏறிப்போன என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைப் பூட்டில் போடும்போது கீழே செயலாளர், அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்வது கேட்டது. நாற்காலி மடக்கும் சத்தமும் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், எனக்கு அந்த முற்றும்தான் கண்ணில் வந்து நின்றது. திரும்பி இறங்கினேன். படிக்கு அடியில் விசில்காரர் அறை வாசலில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். "கேட்டை இடிச்சது உங்க மருமகன். நான் பாத்தேன்" என்றேன். கால் நடுங்கியது. அப்புறம் தொண்டை கட்டிய டீச்சர் ஜன்னலிலிருந்து கணீரென்று, "நானும் பாத்தேன்" என்றார். உடனே ஒவ்வொருத்தருக்காகக் கண் தெரிய ஆரம்பித்தது. விசில்காரர் வேலையிலேயே இருக்கிறார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "சார், அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பாத்து" என்றார். கால் நடுங்கியது என்னுடையது மட்டுமில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

நான் மாடிக்கு ஓடியதை உன் தங்கையிடம் சொல்லிவிடாதே. மூக்குக்கண்ணாடி எடுக்கப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், உன் மகள் மட்டும் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மெஷின் ரூமில் ஓசியில் படம் பார்த்து உனக்கே உறவான
மச்சான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் மகள் படத்தை அனுப்பிவிட்டாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து நாங்கள் இருவரும் பார்த்தோம். ஷெரீப் ஓடவே இல்லை. ஊர் கயிற்றோடு வந்தபோது அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். எல்லாரும் தலைகுனிந்து திரும்பிப் போன பிறகுதான், இந்த ஊரே வேண்டாம் என்று நட்சத்திரத்தைக் கதவில் மாட்டிவிட்டுக் கிளம்புகிறார். பாவி, கடைசி ரீலை அதற்கு முந்தின ரீலுக்கு முன்னால் ஓட்டியிருக்கிறாய்! உன்னை நாலு கேள்வி கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். உன் தங்கை தடுத்தாள். "அண்ணனத் திட்டாதீங்க. கேரியர் வைக்க இடமில்லன்னு டப்பாவ எடுத்து மாத்தி அடுக்கினது நான்தான். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க, எனக்குக் கையே ஓடல" என்றாள். அப்புறம், "கண்ணாடி எடுக்கப் போனவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டேதான மாடி ஏறினீங்க" என்றாள். ஆக, அவளிடம் நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை.

உன் மகளிடம் அவள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடு. அன்றைக்குச் சரியான படத்தைப் பார்த்திருந்தால், மச்சான், நான் மாடியிலேயே இருந்திருப்பேன்.