மாப்பிள்ளை படுத்த மெத்தை

பெருமதிப்பிற்குரிய கொஸ்தான்சியா அண்ணிக்கு,

மசாக்காவிலிருந்து உங்கள் காலஞ்சென்ற தம்பியின் மனைவி பெர்ப்பெத்துவா முழந்தாளிட்டு எழுதிக்கொள்வது. (முதுகு வலியால் உண்மையில் முழந்தாளிட முடியவில்லை. முழந்தாளிட்டதாகவே வைத்துக்கொள்ளவும்.) நீங்களும் உங்கள் வாழைத்தோட்டமும் ஆடுகளும் நலமென்று நம்புகிறேன். உங்கள் மூத்த மகன் கார் வாங்கியதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்கவில்லை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நிலக்கடலை உரிக்க உட்கார்ந்துவிடுவீர்கள், அடுப்படியில் இருக்கிற அத்தனை காதும் கேட்கும். இது அப்படிக் கேட்கிற விஷயம் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும்.

அண்ணி, நானும் நம் பெண் இம்மாக்குலேட்டின் கணவர் லுபோவாவும் ஒரே மெத்தையில் படுத்துவிட்டோம்.

மயக்கம் போட்டுவிடாதீர்கள், முழுவதும் படியுங்கள். மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒரே பாயில் உட்காரவும் கூடாது, மீறினால் கை நடுங்கும் நோய் வரும் என்று கல்யாணத்துக்கு முன் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தையே நீங்கள்தான். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது என் வலது கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். கை போனால் போகட்டும். முறை கெட்டுவிட்டது என்று குலத்துப் பெரியவர்கள் கூடி, பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். என் பழைய மெத்தை நடுவில் குழிந்து, படுத்தால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. சரியென்று சந்தைத் தெருவிலுள்ள கவூமாவின் மெத்தைக் கடைக்குப் போனேன். சிறை வாசலில் வார்டராக இருந்த காலத்தில் கைதிகளுக்கு வரும் சோளக்களி உருண்டைக்குள்ளும் கம்பி விட்டுப் பார்த்தவள் நான், என்னிடம் ஒரு கடைக்காரர் வாலாட்ட முடியுமா? ஸ்வெட்டர் பின்னும் ஊசியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். முதலில் காட்டிய மெத்தையைத் தொட்டு, "வெண்ணெய் மாதிரி இருக்கும்மா" என்றார். "வெண்ணெயில படுத்து நான் என்ன பண்ண? முதுகு முறியவா?" என்றேன். அடுத்ததைத் தட்டி, "அப்ப இது. நல்ல அடர்த்தி. யானை படுத்தாலும் அமுங்காது" என்றார். "யானை படுத்துச்சா? நீ பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே ஓரத்து ஜிப்பைத் திறந்தேன். பார்த்தால் மேலே புது ஃபோம், உள்ளே எந்தக் காலத்து சோபாவையோ கிழித்து ஒட்டின துண்டுகள், பச்சை மஞ்சள் சிவப்பு என்று. "ஐயையோ, இது எப்படி இங்க வந்துச்சு?" என்று என்னையே கேட்கிறார் அந்த மனுஷர்! மூன்றாவதில் ஊசி பாதியில் எதிலோ இடித்தது. என்ன என்று கேட்பதற்குள் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்.

கடைசியாகக் கடையின் பின்பக்கம் ஒரு கட்டிலில் போட்டிருந்த எட்டு இஞ்ச் மெத்தையைக் காட்டினார். ஜிப்பைத் திறந்தேன், குத்தினேன், மோந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. இங்கே நல்லதைக் காட்டி வீட்டுக்கு வேறொன்றை அனுப்புவதுதானே இவர்கள் வேலை? அவர் திரும்பிய நேரத்தில் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்தேன். பிறகு முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி, சும்மா கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாம் என்று படுத்தேன். அண்ணி, அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். எத்தனை நாளாகத் தூங்காத உடம்பு!

நடுவில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. என்னுடையது என்றுதான் நினைத்தேன். அப்புறம் கவூமாவின் குரல், சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தம். "நல்லா பாத்துக்குங்க! அவரு அந்தப் பக்கம் பொரளுறாரு, இந்தப் பக்கம் அம்மாவுக்கு ஒரு அசைவு உண்டா? ஒருத்தர் பொரண்டா இன்னொருத்தருக்குத் தெரியாது. இதுதான் மெத்தை!" யாரோ, "புருஷன் பொண்டாட்டியா?" என்றார்கள். உடனே நம் கோவில் பாட்டுக் குழுவிலிருக்கும் கொரெத்தியின் குரல்: "அடியே, இது மீன் லாரி ஓட்டுற லுபோவா இல்ல? அய்யய்யோ, அந்தப் பக்கம் அவன் மாமியாரு!"

எழுந்தேன் பாருங்கள், முதுகு வலியாவது ஒன்றாவது! அவர் அந்தப் பக்கம் குதித்து நிறுத்தி வைத்திருந்த மெத்தைகளுக்குப் பின்னால் ஒளிந்தார், நான் இந்தப் பக்கம் தலையணைக் குவியலுக்குள் புகுந்தேன். அங்கிருந்தபடியே, "கவூமா, அந்த ஆள் இங்க எதுக்கு வந்து படுத்தாருன்னு கேளு!" என்றேன். மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து, "கவூமா, முகத்த மூடிக்கிட்டு யாரோ ஒரு அம்மா தூங்குறாங்க, எழுப்பாம இந்த ஓரத்துல படுத்துப் பாருன்னு நீதானே சொன்னே, அதச் சொல்லு!" என்று பதில் வந்தது. இரவெல்லாம் கம்பாலாவுக்கு லாரி ஓட்டிய மனுஷராம், தலை சாய்ந்ததும் தூங்கிவிட்டாராம். நான் நம்பவில்லை. மசாக்காவில் இத்தனை மெத்தைக் கடை இருக்க, இவர் ஏன் இந்தக் கடைக்கு, இந்த மெத்தைக்கு, நான் இருக்கும் நேரத்துக்கு வர வேண்டும்? கொரெத்தியை அங்கே வரவழைத்தது யார்?

மறுநாள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் சுருட்டிக் கட்டிய மெத்தை. யார் அனுப்பியது என்றால், "காசு குடுத்தாச்சும்மா, எறக்கிட்டுப் போறேன்" என்கிறான். கட்டைப் பிரித்து உறை வழியாகப் பார்த்தேன். ஓரத்தில் என் சிவப்பு நூல்! வேறு மெத்தை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் நானே பண்ணிக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் இம்மாக்குலேட் வந்து சண்டை போட்டாள். "உனக்கு மெத்தை பாக்கத்தாம்மா அவரு கடை கடையா ஏறி எறங்கினாரு."

"எனக்கு மெத்தைன்னா அவர் எதுக்குப் படுக்கணும்?"

"படுத்துப் பாக்காம வாங்கினா நீ சும்மா விடுவியா? 'உங்கம்மா கண்ணுல மண்ணத் தூவ முடியாது, மோசமானதா அனுப்பினா மாப்பிள்ளை ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்க'ன்னு பயந்து பயந்து ஒவ்வொண்ணா படுத்துப் பாத்தாரு. அந்தக் களேபரம் முடிஞ்சப்பறம் கடைக்காரர்கிட்ட, 'எங்க மாமியாரு தூங்கினது இதுலதானே, இதையே குடு, வேற குடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்க'ன்னு சொல்லி வாங்கியிருக்காரு. அவர் மேலயும் சந்தேகமா உனக்கு? ஒரு நாளாவது யாரையாவது நம்பேன்மா!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அண்ணி. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே? மாப்பிள்ளை படுத்த மெத்தையில் மாமியார் எப்படிப் படுப்பது? மெத்தை கூடத்தில் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடக்கிறது, நான் பாயில் கிடக்கிறேன். நாளைக்கே அதைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே இக்கடிதம் கண்டதும், நடுக்கத்துக்கு நீங்கள் கொடுக்கும் மூலிகையோடு புறப்பட்டு வரவும். பெரியவர்கள் காதுக்கு எட்டுவதற்குள் செய்ய வேண்டிய சடங்கைச் செய்து என் பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றவும். கொரெத்தி உங்களுக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தால் அவள் சொன்னதை நம்ப வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழிருக்கும் அனைவருக்கும் கர்த்தர் நல்ல தூக்கம் தரட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கார் வாங்கியவருக்கும் சொல்லவும்.

இப்படிக்கு,
நடுங்கும் கையோடு,
பெர்ப்பெத்துவா நபுகேன்யா

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோக வேண்டிய பஸ் கண்டக்டர் இரண்டு நாளாக வரவில்லை. அதற்குள் ஒரு மாற்றம். நீங்கள் வர வேண்டாம். மூலிகையும் வேண்டாம், கை நடுக்கம் நின்றுவிட்டது. தூக்கம் இல்லாததால் வந்த நடுக்கம்தான் போலிருக்கிறது. மெத்தையைத் திருப்பி அனுப்பவில்லை, திருப்பிப் போட்டுக்கொண்டேன். இன்று காலை கோவில் மணி அடித்ததுகூடக் கேட்காமல் தூங்கியிருக்கிறேன். கடையில் நடந்ததைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், அப்போது அது கவூமாவின் மெத்தை, கை நடுங்கினால் அவருக்கு நடுங்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். இப்போது லுபோவா படுத்தது கீழ்ப்பக்கம், நான் படுப்பது மேல்பக்கம், நடுவே எட்டு இஞ்ச் ஃபோம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளை என்னோடு பேசலாம் என்று நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள். அந்தக் கதவு இரண்டு இஞ்ச்கூட இல்லை, அண்ணி.