பிரேக்கை மிதித்தால் இடது பக்கம்

"மிதிங்க!" என்று ட்ரெய்லரின் பின்னாலிருந்து கத்தினான் கரண்டு.

நீல வண்டியின் டிரைவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் லைட் எரியவில்லை. இடது இண்டிகேட்டர் எரிந்தது.

"விடுங்க! இப்ப லெஃப்ட் போடுங்க!"

அவர் போட்டார். பிரேக் லைட்டுகள் இரண்டும் கண் சிமிட்டின.

கரண்டு தலையைச் சொறிந்தான். பத்து வருஷம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவன். கூடத்தில் ஸ்விட்சைப் போட்டால் சமையலறையில் எரிவதை அவன் பார்த்திருக்கிறான். சில வீடுகளில் அவனே அப்படிச் செய்து கொடுத்தும் இருக்கிறான். ஆனால் வீடு ரோட்டில் போவதில்லை. யாரும் அதை நிறுத்திக் கேட்பதில்லை.

லாரிகள் வந்து லோடு ட்ரெய்லர்களை மாட்டி இழுத்துப் போகும் இந்த யார்டில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது; இங்கே எல்லோருக்கும் அவன் கரண்டு. வேலை வாங்கித் தந்தவர் மனைவியின் அண்ணன். அவர்தான் இங்கே மேனேஜர். வீட்டில் மச்சான், யார்டில் சார். அன்று காலையில் மட்டும் இரண்டுமாக நின்று பேசினார்.

"இந்த மாசம் மூணு வண்டியை போலீஸ்காரங்க ரோட்ல நிறுத்திட்டாங்க மாப்ள. மூணுமே லைட்டுக்காக. இன்னைக்கு நாலாவது நின்னுச்சுன்னா நாளைக்கு நீ வர வேணாம். தங்கச்சி வந்து அழுதாலும் சரி."

பிறகு கேட்டில் நின்றவரிடம் திரும்பினார். "பின்னாடி லைட்டு எல்லாம் எரிஞ்சாத்தான் கேட்டைத் திறக்கணும். லோடு எங்க போகுது, எப்ப வரும்னு ஊர்க்கதை பேசிட்டு நிக்க வேணாம். லைட்டு. அவ்வளவுதான்."

"லைட்டு சார்," என்று கேட்காரர் மனப்பாடம் செய்வதுபோலச் சொன்னார்.

மேனேஜர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போன பத்தாவது நிமிஷம், நீல வண்டி வந்து நாலாம் நம்பர் ட்ரெய்லரில் மாட்டிக்கொண்டது. இப்போது பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் எரிகிறது.

கரண்டு முதலில் பல்புகளை மாற்றினான். புதுப் பல்புகளும் அதே தப்பை இன்னும் பிரகாசமாகச் செய்தன. எர்த் சரியில்லையோ என்று சேஸிஸில் இருந்த போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டினான். பாதி சுரண்டும்போது டிரைவரை மிதிக்கச் சொன்னான். எல்லா விளக்குகளும் ஆளுக்குக் கொஞ்சம் மங்கலாக எரிந்தன, நம்பர் பிளேட் விளக்கு உட்பட. போல்ட்டை அவசரமாகத் திரும்ப முடுக்கினான்.

மிச்சம் இருந்தது வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஏழு துளை பிளக். எந்தத் துளையில் எந்த ஒயர் என்று காட்டும் படம் ஒன்று ஷெட் சுவரில் ஒட்டியிருந்தது. வெயில் பட்டு அதில் ஏழு நிறமும் ஒரே நிறமாகியிருந்தது. யாரையாவது கேட்கலாம். கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடும்.

வண்டிப் பக்கத்து பிளக்கில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான்.

"அதை மட்டும் தொட்டுடாதீங்க சார்," என்றார் டிரைவர், கெஞ்சலாக. "புது வண்டி. வெளியாள் கை வெச்சா வாரண்டி போயிடும்."

மூன்று வாரத்தில் அந்த யார்டில் அவனை யாரும் சார் என்றதில்லை. அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான்.

ட்ரெய்லர் பக்கத்து சாக்கெட்டைத் திறந்து இரண்டு ஒயர்களை இடம் மாற்றினான். மிதித்தால் பிரேக் லைட், போட்டால் இண்டிகேட்டர். எல்லாம் சரி.

"அடடா," என்று டிரைவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "இது காலி ட்ரெய்லர் சார். எனக்கு லோடு ஏத்தினது வேணும்."

"அப்ப ஏழாம் நம்பர்தான்."

ஏழாம் நம்பரிலும் அதே கோளாறு. இப்போது வியாதி தெரிந்துவிட்டதால் ஐந்தே நிமிஷம். கேட்காரர் சுற்றி வந்து விளக்குகளைப் பார்த்து, கேட்டைத் திறந்தார். நீல வண்டி ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று.

கரண்டு தேநீருக்கு உட்காரும்போது மீசைக்கார டிரைவர் வந்து நின்றார். அவர் நாலாம் நம்பரை மாட்டியிருந்தார்.

"யோவ் கரண்டு, பிரேக் அடிச்சா லெஃப்ட் எரியுதுய்யா!"

"உங்க வண்டியிலதாண்ணே தப்பு."

"நேத்து வரைக்கும் ஒழுங்கா எரிஞ்சுதே?"

"நேத்து ரெண்டு பக்கமும் தப்பா இருந்துச்சு. அதனால ஒழுங்கா எரிஞ்சுது."

மீசைக்காரர் இதை யோசித்துப் பார்த்தார். பிறகு தன் வண்டியின் பிளக்கைக் காட்டினார்.

கரண்டுக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. நீல வண்டி, நாலாம் நம்பர், ஏழாம் நம்பர் மூன்றும் ஒத்துப்போகின்றன. மீசைக்காரரின் வண்டி மட்டும் ஒத்துப்போகவில்லை. அதோடு நீல வண்டி புதுசு, கம்பெனி ஒயரிங். மீசைக்காரர் வண்டியின் பிளக்கைத் திறந்து, அதையும் மாற்றினான்.

பதினொரு மணிக்கு மீசைக்காரர் திரும்பி வந்து, நாலாம் நம்பரைக் கழற்றி இரண்டாம் நம்பரை மாட்டினார். பிரேக்கை மிதித்தார். இடது பக்கம் எரிந்தது.

"கரண்டு!"

இரண்டாம் நம்பரையும் மாற்றினான். அடுத்து அதை மாட்ட வந்தவர் வழுக்கைத்தலை டிரைவர். "என்னய்யா, வலது பக்கம் திரும்ப மட்டும்தான் வண்டி ஒத்துக்குது?" என்றார் அவர். இப்படி ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நொண்டிற்று. பன்னிரண்டு மணிக்கு யார்டில் எந்த வண்டி எந்த ட்ரெய்லரோடு பேசும் என்பது யாருக்கும் தெரியவில்லை. மூன்று டிரைவர்கள் கேபினில் உட்கார்ந்து ஆளாளுக்கு மிதித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, அண்ணன் ஏதோ கோவமா இருக்காராமே? அண்ணி சொன்னாங்க."

"எல்லாம் சரி பண்ணிட்டிருக்கேன்."

"எல்லாத்தையும் சரி பண்ண வேணாம். கெட்டதை மட்டும் பண்ணுங்க. நம்ம வீட்ல ஒரு ஃபேனைச் சரி பண்றேன்னு உக்காந்து ரெண்டு நாள் இருட்டுல இருந்தோம்."

"அது வேற."

"அதேதாங்க," என்று அவள் வைத்துவிட்டாள்.

கரண்டு ஒரு முடிவுக்கு வந்தான். எதையும் பாதியில் விடக்கூடாது. எல்லா வண்டிக்கும் எல்லா ட்ரெய்லருக்கும் ஒரே ஒயரிங். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வரிசையாக இறங்கினான். மாற்றியதில் எல்லாம் ஒரு பெருக்கல் குறி. சாப்பிடவில்லை. முழங்கையில் கிரீஸ், பற்களுக்கு நடுவே இன்சுலேஷன் டேப். எத்தனை வண்டி, யார் டிரைவர் என்றெல்லாம் அவன் கவனிக்கவில்லை. அவன் கண்ணுக்கு வண்டி என்றால் ஏழு துளை.

ஒன்றரை மணிக்கு நீல வண்டி திரும்பி வந்தது. லோடு ஏற்றிய ஒன்பதாம் நம்பரை மாட்டினார் டிரைவர். மிதித்தார், போட்டார். எடுத்த எடுப்பிலேயே எல்லாம் எரிந்தது.

"கைராசி சார் உங்களுக்கு," என்றார் அவர். "எத்தனையோ யார்டுக்குப் போயிருக்கேன். என் வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி எங்கயும் இருந்ததில்லை."

கரண்டு கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "இனிமே நீங்க எந்த ட்ரெய்லரை வேணும்னாலும் மாட்டலாம்ணே. கண்ணை மூடிட்டு மாட்டலாம்."

"ரொம்ப உபகாரம் சார்."

மூன்றே முக்காலுக்குக் கடைசி சாக்கெட்டை மூடினான். மீசைக்காரர் மிதித்தார், எரிந்தது. வழுக்கைத்தலை மிதித்தார், எரிந்தது. வண்டிகளையும் ட்ரெய்லர்களையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றிலும் தப்பில்லை. "பரவால்லய்யா கரண்டு," என்றார் மீசைக்காரர். அது அவர் வாயிலிருந்து வருவது பெரிய விஷயம்.

சரியாக நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். கேபின் கேபினாக ஏறித் தானே மிதித்தார். கரண்டு பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் "எரியுது சார்" என்றான். கடைசி வண்டியிலிருந்து இறங்கியபோது மேனேஜரின் முகத்தில் மூன்று வாரமாகக் காணாத மச்சான் தெரிந்தார்.

"இன்னைக்கு ரோட்ல ஒரு வண்டி நிக்கல மாப்ள. உன்னை என்னவோன்னு நினைச்சேன். நாளையிலிருந்து நீ பர்மனென்ட்." அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். "நமக்கு இருக்கறதே நாலு வண்டி. நாலும் பத்திரமா வந்து நிக்கறதைப் பார்த்தா வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு. என்னய்யா, நாலும் வந்தாச்சில்ல?"

"நாலும் உள்ளதான் நிக்குது சார்," என்றார் கேட்காரர், நிமிர்ந்து நின்று. "அந்த அஞ்சாவது நீல வண்டிதான் மூணாவது லோடையும் இழுத்துக்கிட்டு இப்பத்தான் போச்சு, லைட்டு ஒண்ணு விடாம எரியுதான்னு நானே பாத்துட்டுத்தான் கேட்டைத் திறந்தேன்."