மூன்று யாழினிகள்

கல்லூரி முதல்வரின் பெயரைப் பெரிய திரையில் என் மகளின் பெயராக மாற்றிவிட்ட பிறகு, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

புதுக்கோட்டை பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு. பிள்ளை பெற்று வீட்டிலேயே இருந்துவிட்ட எனக்கு, இதுவும் போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். மகள் யாழினிக்கு லேசான காய்ச்சல். அவளும் என் கணவரும் வெளியே மரத்தடியில். (மருந்து கொடுத்தாரா? தண்ணீர் பாட்டில் என் பையிலேயே இருக்கிறதே!)

பாடம், கம்ப்யூட்டர் புரோகிராமில் ஸ்டேட்டிக். நன்றாகத்தான் ஆரம்பித்தேன்.

"அன்னவாசல் பஸ்ல டிக்கெட் ஆளுக்கு ஒண்ணு. டிரைவர் எல்லாருக்கும் சேத்து ஒருத்தர். அந்த டிரைவர் மாதிரி எல்லாருக்கும் பொதுவானதுதான் ஸ்டேட்டிக்."

முதல் வரிசையில் முதல்வரே தலையாட்டினார்.

அடுத்து, மூன்று பேரின் பெயரையும் மொத்த எண்ணிக்கையையும் திரையில் காட்டும் புரோகிராம். பெயர் ஆளுக்கு ஒன்று. மொத்த எண்ணிக்கைதான் பொது. அதற்கு முன்னால்தான் ஸ்டேட்டிக் என்று எழுத வேண்டும். வெளியே இருமல் சத்தம். கவனம் அங்கே போக, ஸ்டேட்டிக்கைப் பெயருக்கு முன்னால் எழுதிவிட்டேன். பெயர் பொதுவாகிவிட்டால் கடைசியாகக் கொடுத்ததுதான் எல்லோருக்கும் நிற்கும். நானோ மரியாதை பார்த்து முதல்வர் வைரவன் சாரை முதலிலும், துறைத்தலைவரை அடுத்தும், "கடைசியா எம் பொண்ணு" என்று யாழினியையும் கொடுத்திருந்தேன்.

திரையில்: யாழினி, யாழினி, யாழினி. மொத்தம்: ஒன்று. (எண்ணிக்கை பொதுவாகாமல் ஆளுக்கு ஒன்றாக நின்றுவிட்டது.)

"மேடம், பிரின்ஸ்பால் சாரும் பாப்பாவா?" என்றது பின்வரிசை. வகுப்பே சிரித்து உருண்டது.

ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், டிரைவருக்குப் பதிலா டிக்கெட்டப் பொதுவாக்கிட்டீங்க!"

வைரவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்க தப்பப் பிள்ளைகளே புடிக்குதுகன்னா பாடம் ஏறிருச்சும்மா. திங்கக்கெழம வந்துருங்க."

வேலை கிடைத்தது. (பாவப்பட்டுக் கொடுத்தாரோ?) இன்றும் நான் வீடு திரும்பினால் கணவர் கேட்பது, "பெரிய யாழினி என்ன சொன்னாரு?" மகளோ சார் பெயரும் யாழினிதான் என்றே நம்புகிறாள்.

இப்போது சிக்கல். அவள் பிறந்தநாளுக்குச் சாரையும் அழைக்க வேண்டுமாம். "கேக்குல ஒரு பேரு போதும்மா. ரெண்டு பேருக்கும் அதுதான?" என்கிறாள். (பாடம் வீட்டிலும் ஏறிவிட்டது.)

அழைக்கலாமா, வேண்டாமா? அழைத்தால், அவர் வருவதற்குள் இவளிடம் என்ன சொல்லி வைப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கேக்குக்கு இன்னும் சொல்லவில்லை.