நான் அடைத்த முன்கண்ணாடி

என் கையைப் பற்றி நானே சொன்னால் தற்பெருமை என்பீர்கள். வேறு யாரும் சொல்வதாக இல்லை, அதனால் நானே சொல்கிறேன். அது சாதாரணக் கை இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, ஜல்லி ஏற்றிய லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். ஒரு கல் பறந்து வந்து எங்கள் காரின் முன்கண்ணாடியில் அடித்தது. மிளகு அளவுக்குச் சில்லு பெயர்ந்து, சுற்றிலும் குட்டிக் குட்டிக் கீறல். ஓட்டியது நான். பக்கத்தில் என் மனைவி.

"லாரிய ஒட்டிக்கிட்டே போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க ஒட்டினேன்? அவன்தான் மெதுவா போனான்."

"சரி, கண்ணாடிக் கடைக்கு விடுங்க. ரெசின்னு ஒரு பசை ஊத்தி அரை மணியில அடைச்சுடுவாங்க."

"கடையா? அந்த ரெசின் எங்கிட்ட இருந்தா நானே அடைப்பேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு உண்டு. அவள் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கார் சாவியோ என் சட்டைப்பையைத் தாண்டியதில்லை. "வண்டின்னா நுணுக்கம் தெரியணும்மா" என்று சொல்லியே எட்டு மாதத்தையும் ஓட்டிவிட்டேன்.

"நீங்களே அடைச்சுட்டா நான் இனிமே சாவியே கேக்க மாட்டேன்" என்றாள். "சொதப்பினா சாவி எனக்கு. சரியா?"

"எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம். வாய்ச்சொல் போதும்."

எவ்வளவு நம்பிக்கை, பாருங்கள்.

ஆன்லைனில் ஒரு ரெசின் செட் வரவழைத்து, வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் போவதற்கு முன் வேலையில் இறங்கினேன். விஷயம் சுலபம்தான். கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு ரப்பர் கிண்ணம். அதில் திருகு போட்ட சின்னக் குழாய். குழாயைச் சில்லுக்கு நேராக வைத்து, நாலு சொட்டு ரெசின் விட்டுத் திருகினால் அது கீறலுக்குள் இறங்கும். பிறகு குழாயைக் கழற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி வெயிலில் விட்டால் ரெசின் கெட்டியாகிவிடும். 'திருகு இறுகியதும் நிறுத்தவும்' என்று கூட வந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அது பொதுமக்களுக்கு. நான் மருந்துக் கிடங்கில் பதினாறு வருஷமாகப் புட்டி மூடி சரிபார்ப்பவன். எந்தத் திருகும் நின்ற இடத்திலிருந்து இன்னும் ஒரு சுற்று போகும். எங்கள் வீட்டு ஜாடியை நான் மூடினால் நான்தான் திறக்க வேண்டும்.

"இறுகியாச்சுல்ல, விடுங்க" என்றாள்.

"இன்னும் ஒரு சுத்து."

"தாள்ல என்னமோ போட்டிருக்கு..."

"தாளை எழுதினவன் என் கையப் பாத்ததில்லம்மா."

சுற்றினேன். கச்சிதமாக நின்றது. பிளாஸ்டிக் துண்டை ஒட்டிவிட்டு, மனமில்லாமல் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"நான் பஸ்ல போயிடறேன். வெயில் நகர்ந்தா வண்டிய ரெண்டடி முன்னால எடு. ரெண்டே அடி."

"ரெண்டடிதானே, பாத்துக்கறேன்."

சாயங்காலம் வந்து பார்த்தேன். பிளாஸ்டிக் துண்டை அவளே உரித்திருந்தாள் போல. அசந்துபோனேன். சில்லு இல்லை. கீறல் இல்லை. தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கையோடு இழுத்து வந்து காட்டினேன். அவர் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"நானும் ரெசின் வெச்சுதான் சார் பல் அடைக்கிறேன். என்னதான் பாத்துப் பாத்து அடைச்சாலும், உத்துப் பாத்தா ஒரு பொட்டு தெரியும். உங்க வேலையில அதுகூட இல்லையே?"

"அது கைவாகு, டாக்டர்."

"எப்படி செஞ்சீங்க?"

"இன்னும் ஒரு சுத்து. அவ்வளவுதான்."

"என் கார்லயும் ஒரு சில்லு இருக்கு. நாளைக்கு லீவுதானே உங்களுக்கு?"

"காலையில கொண்டு வாங்க" என்றேன்.

வாசலில் நின்றிருந்த என் மனைவி, "அவர் கையே தனி, டாக்டர்" என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சாவியைத் திரும்ப வாங்கினேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை, டாக்டர் வருவதற்குள் இன்னொரு தடவை ரசித்துவிடலாம் என்று காரிடம் போனேன். கண்ணாடி ஓரத்தில் விரல் பட்டது. கறுப்பாகப் பசை ஒட்டிக்கொண்டது. இன்னும் முழுசாகக் காயாத பசை. உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் கோணலாக ஒட்டிய பார்க்கிங் ஸ்டிக்கர் நேராக இருந்தது. நேரே சமையலறைக்குப் போனேன்.

"ஏம்மா, அந்தக் கண்ணாடி..."

"புதுசு" என்றாள், தட்டைத் துடைத்துக்கொண்டே. "நீங்க போன கொஞ்ச நேரத்துல டக்குன்னு ஒரு சத்தம். இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. கடைக்கு ஓட்டிட்டுப் போய் மாத்திட்டு வந்தேன்."

"ஓட்டிட்டா? ரெண்டடின்னுதானே சொன்னேன்?"

"கடை அதுக்கு மேல பதினெட்டு கிலோமீட்டர் இருந்துச்சு."

"விரிசல் விட்ட கண்ணாடியோடயா?"

"மெதுவாத்தான் போனேன். லாரியெல்லாம் வந்தா தள்ளியே போனேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். அதுக்குள்ள டாக்டரை இழுத்துட்டு வந்துட்டீங்க. வெளி ஆள் முன்னாடி உங்கள விட்டுக்கொடுப்பேனா?"

வெளியே ஹாரன் கேட்டது. சில்லு பெயர்ந்த காரோடு டாக்டர். இந்தத் தெருவில் என் மானமே அந்த டாக்டர் வாயில்தான் இருந்தது.

"இப்ப என்னம்மா பண்றது?"

அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினாள். சாவியை வைத்தேன்.

வாசலுக்குப் போனவள், கொஞ்சமும் தயங்கவில்லை. "நேத்து திருகினதுல இவருக்கு மணிக்கட்டு பிடிச்சுக்கிச்சு டாக்டர். திருகாணி, ஸ்டியரிங் எதையும் கொஞ்ச நாளைக்குத் தொடக் கூடாது. நல்ல கடை ஒண்ணு இருக்கு. நான் முன்னால போறேன், நீங்க பின்னாலயே வாங்க."

"அடடா, அந்தக் கையப் பத்திரமா பாத்துக்கணும் சார்" என்றார் டாக்டர், உண்மையான கவலையோடு.

ஒரே மூச்சில் என் மானத்தையும் காப்பாற்றி, சாவியையும் வாங்கிக்கொண்டாள். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் இந்தத் தெருவில் வேறு யார்? பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தேன்.

"பின்னால உக்காருங்க" என்றாள். "முன்னால இருந்தா கண்ணாடியத் தொடுவீங்க."