மைனஸ் ஒன்று வாங்கிய மாமனிதன்

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. என் சகலை புதுக் காரை மயிலாப்பூரில் எங்கள் வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடித்தபோது, ஐம்பத்திமூன்று வயதில் எனக்கு வயிறு எரிந்தது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை. மிக்ஸியைக்கூடத் தவணையில் வாங்குகிற மனுஷன் அவர். நானோ பத்து பைசா கடன் வாங்காதவன். (இதைக் கேட்காமல் எங்கள் வீட்டிலிருந்து எந்த விருந்தாளியும் தப்பியதில்லை.)

"கிரெடிட் ஸ்கோர் எழுநூத்தி எண்பது, சகல! உடனே லோன் குடுத்துட்டான்" என்றார்.

மறுநாளே கார் லோன் கேட்டு தி. நகரில் ஒரு வங்கிக்குக் கிளம்பினேன். டீச்சர் வேலைக்கு லீவு போடவைத்து மனைவி வசந்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். என் ஸ்கோரை அவள் கண்ணால் பார்க்க வேண்டாமா?

அதிகாரிப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மைனஸ் ஒண்ணு, சார்."

"ஃபுல் மார்க்குக்கு ஒண்ணு கம்மியா?"

"இல்ல சார். நீங்க கடனே வாங்கினதில்ல. வாங்கினா கட்டுவீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒத்த ரூபா கடனில்லாம பொண்ண இன்ஜினியரிங் படிக்க வெச்சவம்மா நான்!" என்று கத்தினேன். வங்கியே திரும்பிப் பார்த்தது. வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பெண் சமாளிக்கப் பார்த்து, வசந்தியின் பான் கார்டை வாங்கித் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "எண்ணூத்திப் பன்னெண்டு! மேடம், நாலு வருஷம், ஒவ்வொரு ஜூன்லயும் நகைக் கடன். ஒரு நாள்கூடத் தவறாம கட்டியிருக்கீங்க!"

ஜூன் என்றால் மகள் நித்யாவின் காலேஜ் ஃபீஸ்.

"வளையல் பேங்க்ல பத்திரமா இருக்குன்னியேடி?"

"பேங்க்லதாங்க இருந்துது" என்றாள் மெதுவாக. "நீங்க குடுத்தது பாதி ஃபீஸுக்குத்தான் வந்துது. சொன்னா அப்புறம் எல்லார்கிட்டயும் அந்தப் பெருமைய எப்படிப் பேசுவீங்க? அதுல உங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். அவள் சகலையையே தோற்கடித்துவிட்டாளே என்று சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் வெட்கமும் வந்தது.

கார் லோன் அவள் பெயரில்தான் கிடைத்தது, நான் வெறும் கோ-அப்ளிகண்ட், கூடக் கையெழுத்துப் போடுகிற ஆள். என் பங்குக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடு வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, அதில் மளிகை வாங்கி, மாசாமாசம் ஒழுங்காகக் கட்டுகிறேன். ஸ்கோர் இப்போதுதான் எழுநூறைத் தொட்டிருக்கிறது.

போன மாதம் நித்யாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே என்னை அறிமுகப்படுத்தினாள்: "இவர் எங்கப்பா. அம்மாவுக்கு கோ-அப்ளிகண்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தில் வேறு எவனாவது கையெழுத்துப் போட்டிருந்தால்தான் எனக்குத் தாங்கியிருக்காது.