சம்பந்தி வீட்டுச் சிவப்புச் செடி

ஈரக் காகிதத்தைப் பிரித்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. உள்ளே இருந்த செடி பச்சையாக இருந்தது.

"செடின்னா பச்சையாத்தானே இருக்கும்? இதுக்கு ஏன் பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"அங்கே சிவப்பா இருந்துச்சுடி!"

இருந்ததுதான். அன்று காலையில்தான், மகனுக்குப் பேசி முடித்த பெண்ணின் வீட்டுக்கு இருவரும் முதல்முறையாகப் போய் வந்திருந்தார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி. தொட்டியா அது? உள்ளே படகு விடலாம். நடுவில் அந்தச் செடி தீப்பிடித்ததுபோல் செக்கச்செவேலென்று நின்றது. அதைச் சுற்றிவந்த மீன்களெல்லாம் வெட்கப்பட்டுச் சிவந்திருந்தன. தொட்டியின்மேல் சாய்ந்து நின்ற சம்பந்தியின் முகமே பெருமையில் சிவந்துபோயிருந்தது.

"எங்களுக்கும் ஒரு கிளை கொடுங்களேன்" என்று கண்ணாடிக்கடைக்காரர் மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

சம்பந்தி சற்றுத் தயங்கினார். பிறகு தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு கணுவுக்குக் கீழே கத்தரித்து, "காத்துப் படக்கூடாது" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு அவசர அவசரமாக ஈரக் காகிதத்தில் சுற்றினார்.

"கணு மண்ணுக்குள்ள போகணும் சம்பந்தி, அங்கதான் வேர் விடும். என் பொண்ணு மாதிரி வளர்த்த செடி. இதை நீங்க எப்படிப் பார்த்துக்கிறீங்களோ, அதை வச்சே அவளை எப்படிப் பார்த்துப்பீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் சிரித்தார், பல்லால் மட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேச அவர்கள் இங்கே வருகிறார்கள்.

"பஸ்ல குலுங்கினதுல நிறம் இறங்கிடுச்சோ?" என்றார் இப்போது, செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"ஆமா, சாயம் அடியில தங்கியிருக்கும். நல்லாக் குலுக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் ஏற்கெனவே நாலு மீனோடு ஒரு சின்னத் தொட்டி இருந்தது. செடியை அதில் நட்டுவிட்டு, மறுநாள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைக்கூடத் திறக்காமல், ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினார். கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதோட பேரு என்ன சார்?"

"சம்பந்தி கொடுத்த செடி."

"அது உறவுமுறை சார். நான் கேட்டது செடியோட பேரு."

"சிவப்பா இருக்கும். இருந்துச்சு."

"சிவப்புல எத்தனையோ ஜாதி இருக்கு. சிலது தண்ணிக்கு மேல பச்சையா வளரும், உள்ள போனாச் சிவக்கும். சிலதுக்கு வெளிச்சம் குறைஞ்சா திரும்பப் பச்சையாயிடும். ஒத்தை இலையை வச்சுக்கிட்டு அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல நல்ல விளக்காப் போடுங்க."

ஒரு விளக்கு போட்டால் கஞ்சத்தனம் என்று சம்பந்தி நினைத்துவிட்டால்? மூன்று வாங்கி மாட்டினார். அன்று மாலை எதிர்வீட்டுக்காரர் குளிர்க்கண்ணாடி கேட்டு வந்தார். வெயிலில் போட்டுக்கொள்ள அல்ல, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க. அந்த வகையில் ஒரு வியாபாரம் நடந்தது. செடி சிவக்கவில்லை. அதற்குப் பதில் தொட்டி முழுக்கப் பாசி ஏறி, கண்ணாடி, கல், மீனின் மீசை எல்லாமே பச்சையாகிவிட்டன.

"அப்போ இரும்புச்சத்து குறைவா இருக்கும் சார்" என்றார் வண்ணமீன் கடைக்காரர் தொலைபேசியில். "செடிக்குன்னே மருந்து இருக்கு. நாளைக்கு வந்துடும், தரேன்."

நாளை வரை யார் பொறுப்பது? அலமாரியில் மனைவியின் இரும்புச்சத்து டானிக் இருந்தது. இரும்பு இரும்புதானே! அரை பாட்டிலைக் கவிழ்த்தார்.

தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. நாலு மீனும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, அவருக்குப் புரியாத பாஷையில் அவரைத் திட்டின.

மனைவி வந்து பார்த்தாள். "டாக்டர் என்னைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடிக்கச் சொன்னாரு. செடி சாப்பிட்டுச்சா?"

வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியதில் மீன்கள் பிழைத்தன. அவருடைய இடுப்பு பிழைக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தபடியே மறுபடி வண்ணமீன் கடைக்குப் போனார்.

கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது. "நுனியைக் கிள்ளித் தனியா நட்டுப் பாருங்க சார். அடியில பக்கக் கிளை விடும், நுனியும் வேர் பிடிக்கும். புதுத் தளிராவது சிவக்குதான்னு பார்ப்போம்."

ஒரு நுனியை நட்டால் ஒரு வாய்ப்பு. துண்டு துண்டாக நட்டால் எத்தனை வாய்ப்பு! கண்ணாடிக்கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து, தையற்காரர் துணி வெட்டுவதுபோல் வெட்டித் தள்ளினார். கணு என்று ஒன்று உண்டு என்பது அந்த ஆவேசத்தில் மறந்தே போயிற்று. கணுவில்லாத துண்டெல்லாம் மேலே வந்து மிதந்தது. கணுவுள்ள துண்டுகளை மீன்கள், டானிக் தந்த தெம்பில், பிடுங்கிப் போட்டன.

"என்னங்க இது, சூப்பா?" என்றாள் மனைவி.

கடைசியில் நுனி ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் பளிச்சென்று பச்சை.

சனிக்கிழமை வந்துவிட்டது. பச்சை நுனியை ஒரு டம்ளரில் போட்டுக் குளியலறை ஜன்னலில் ஒளித்துவைத்தார். பிறகு அடிமேல் அடி வைத்து பால்கனிக்குப் போய், மனைவி பூந்தொட்டியில் வளர்த்த சிவப்பு இலை அழகுச்செடியின் தலையை ஒடித்தார். தண்ணீரில் அது நிற்க மறுத்தது. தன் கடையில் கிடந்த பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை அதன் காலில் கட்டிக் கூழாங்கல்லுக்குள் புதைத்தார். பிரமாதமாக நின்றது.

"என் செடி!" என்று மனைவி அலறினாள்.

"பையன் கல்யாணம்டி!"

"கல்யாணம் அவனுக்கு, மொட்டை என் செடிக்கா?"

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். சம்பந்தி செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குப் போனார். போனவர் சிலைபோல் நின்றுவிட்டார்.

"இது... நான் கொடுத்ததா?"

"நீங்க கொடுத்ததேதான் சம்பந்தி!"

"சிவப்பா இருக்கே!"

"உங்க வீட்டுல இருந்த மாதிரியே இருக்குல்ல?"

சம்பந்திக்கு நெற்றியில் வியர்த்தது. கண்ணாடிக்கடைக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், காதோடு காதாகக் கேட்டார். "எப்படிப் பண்ணீங்க?"

"எல்லாம் அன்புதான்."

"எனக்கு... ஒரே ஒரு கிளை திருப்பித் தருவீங்களா?"

அந்தக் குரல் கெஞ்சியது. வீட்டில் காடே வைத்திருக்கும் மனுஷன் ஒரு குச்சிக்கு ஏன் இப்படி உருகுகிறார் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் மார்பு விரிந்தது. சாய்ந்திருந்த இடுப்பு நிமிர்ந்தது. "அதுக்கென்ன, தாராளமா..." என்று அவர் தொடங்கும்போது தொட்டியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

சிவப்புச் செடி கல்லை உதறிவிட்டு மெல்ல மேலே எழும்பி வந்தது. அதன் அடியில், வேர் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கியது. ஒரு மீன் அதன் வழியாகச் சம்பந்தியைப் பார்த்தது.

கண்ணாடிக்கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய், டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. உங்க செடி இதுதான். விளக்கு போட்டேன், டானிக் ஊத்தினேன், வெட்டி வெட்டி நட்டேன். என் கைக்கு வந்ததும் பச்சையாயிடுச்சு. ஆனா இதை வச்சு எங்களை எடை போடாதீங்க. உங்க பொண்ணு முகம் வாட விடமாட்டோம்."

கோபிப்பார் என்று பார்த்தால், சம்பந்தி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றக்கூட இல்லை.

சம்பந்தியம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எங்க வீட்டுலயும் அது பச்சைதான் அண்ணா! நீங்க வர்றீங்கன்னு, உங்க முன்னாடி மதிப்பா இருக்கணும்னு, இவருதான் அன்னைக்கு ஒரு நாள் மட்டும் தொட்டி மேல சிவப்பு பல்பு மாட்டினாரு!"